ஐந்து விரல்

வியாழன், இரவு

கனவில் இருக்கும்போதே அது கனவு என்று தெரிந்துகொள்ள ஒரு பயிற்சி செய்துவருகிறேன். பகலில் அடிக்கடி விரல்களை எண்ண வேண்டும். கனவில் எண்ணிக்கை தப்பும். எழுத்தை இரண்டு முறை படிக்க வேண்டும், கனவில் மாறிவிடும். எல்லாம் அண்ணனுக்காகத்தான். அம்மாவின் காரியத்தன்று எல்லார் முன்னாலும் நான் அவரைத் திட்டியதிலிருந்து அவர் கனவில் மட்டும்தான் வருகிறார். மன்னிப்புக் கேட்பதற்குள் விழித்துவிடுகிறேன்.

இன்று மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் தையல்கடையில் பிளவுசுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் அண்ணன். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார். என் கை தானாக விரல்களை எண்ணத் தொடங்கியது.

"எத்தன வருஷம்னு எண்ணுறியா? மூணுதான் லா," என்றார்.

விரல் ஐந்தும் சரியாக இருந்தது. அதனாலேயே மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கனவாக இருந்தால் துணிந்து கேட்டிருப்பேன்.

"தே ஓ போடவா அண்ணே?" என்றேன். பால் விடாத அந்தத் தேநீரைக் குடித்தார். அளவு எழுதும் நோட்டில், யாருடைய இடுப்பளவுக்கோ கீழே, தன் புது நம்பரை எழுதிவிட்டுப் போனார்.

நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இரண்டு முறை படித்தேன். நம்பர் மாறவில்லை. இனிக் கூப்பிடாமல் இருக்கச் சாக்கு இல்லை.