தொப்பியை நீட்டித் தைத்த கை

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நானும் உன் மனைவியும் சுகம். குழந்தையும் சுகம் என்று எழுதப்போய்ப் பேனாவை வைத்துவிட்டேன். தலை எலும்பு என்று ஆரம்பித்தாலே நீ போனில் கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். உன்னோடு வேலை செய்கிறவர் லீவு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறார் என்றார்கள், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் அடக்க முடியாது பார்.

உன் பிள்ளை பிறந்தபோது நான் ஒரு தொப்பி தைத்தேன் அல்லவா, இரண்டாம் மாதம் அது நெற்றியில் பிடித்தது, காதுப் பக்கம் தொளதொளவென்று இருந்தது. முன்னும் பின்னும் பிரித்து நீட்டினேன், பக்கத்தில் பிடித்துத் தைத்தேன். அடுத்த மாதமும் அதே வேலை. முப்பது வருஷம் ஊருக்கே அளவெடுத்த கை, துணியைத் திருத்தியதே தவிர, தலை ஏன் ஒரே பக்கமாக நீளுகிறது என்று யோசிக்கவில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் டாக்டரிடம் காட்டச் சொன்னபோதும், எங்கள் வீட்டு ஆண்களுக்கு நீளத் தலைதான், அறிவு கொள்ளவேண்டாமா என்று பெருமை பேசி அனுப்பிவிட்டேன். குளிப்பாட்டும்போது உச்சியில் மேடு தட்டுப்பட்டதும் பிள்ளைக்கு எலும்பு கெட்டி என்றுதான் சொன்னேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். மண்டை எலும்புகள் நடுவே இடைவெளி இருக்குமாம், மூளை வளர வளர விலகிக்கொடுக்குமாம். எந்த எலும்பு எப்போது இறுகவேண்டும் என்று உடம்புக்குள்ளேயே எழுதியிருக்குமாம், அதை ஜீன் என்கிறார். இவனுக்கு அந்த எழுத்து நேரத்துக்கு முன்பே வேலையை ஆரம்பித்து உச்சியில் ஒட்டிவிட்டிருக்கலாம் என்றார். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், ஆனாலும் புரிந்தது. வளர்கிற பிள்ளைக்குத் துணி விடாமல் தைத்ததுபோல. ஆபரேஷன் செய்து ஒட்டியதைப் பிரித்துத்தான் ஆகவேண்டுமாம். நான் குளிப்பாட்டியதாலா என்று கேட்டேன். யார் தப்பும் இல்லை என்றார். என் தப்பு என்றிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

நீ லீவில் வரும்வரை பிள்ளை தலையில் கத்தி வைக்கக்கூடாது என்கிறாய், நானும் முதலில் உன் பக்கம்தான் பேசினேன். உன் லீவுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. வளர்கிற மூளை அதுவரை எங்கே போகும் என்று டாக்டர் கேட்டார். உன் மனைவி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அத்தை, அவர் திட்டினா திட்டட்டும், நான் கையெழுத்துப் போட்டுட்டேன்." நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன், கோபித்துக்கொள்வதென்றால் என்னைக் கோபித்துக்கொள்.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அங்கே ஆஸ்பத்திரியில் உன் ரத்தத்தையும் கொடுத்து அனுப்பவேண்டுமாம், அந்த எழுத்து யார் வழியாக வந்தது என்று பார்க்க. மறக்காதே. அன்று போனை அணைக்காதே, திட்டவாவது கூப்பிடு.

நீயும் உன் பிள்ளையும் நூறு வயது இருக்கவேண்டும். வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து ஆபரேஷன் வரை மூன்று மணி நேரம் அவனுக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பசித்தால் அவன் அழுவதில்லை, என் முகத்தையே பார்ப்பான். அந்த மூன்று மணி நேரம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா