நான்காவது குப்பி

குவாஹாட்டி, ஜனவரி 8

அன்புத் தம்பி டிலேஸ்வருக்கு,

அக்கா எழுதுவது. தையல் பிரித்த இடம் ஆறியிருக்கும். ஈறு நோய் தின்ற பள்ளத்தில், மேல் முன்பற்கள் நான்கின் அடியிலும் எலும்புத்தூள் வைத்து மூடியிருக்கிறேன். அது பிடிக்கிறதா என்பது எக்ஸ்ரேயில் தெரிய மாதங்கள் ஆகும். எச்சிலில் முன்னதாகவே தெரியுமா என்றுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறோம். மாதம் ஒருமுறை, காலையில் எழுந்ததும் குப்பியில் துப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிடு. தாமோல் கூடாது. ஒரு சீவல் பாக்கு, ஒரு கிள்ளு வெற்றிலைகூடக் கூடாது. நான் சொல்லும்வரை பெப்பாக் கொம்பை ஊதாதே. கொம்பு ஊதுகிறவனுக்கு முன்பல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஜுன்மணி

டெமௌ, பிப்ரவரி 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கடுகு அறுப்பு முடிந்தது. இரண்டாவது குப்பி இதோடு வருகிறது. தாமோல் கூடாது என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். ஏப்ரலில் பிஹுத் திருநாளுக்கு ஆடும் குழுவுக்கு ஆள் சேர்க்கும் சமயம். போகிற வீட்டிலெல்லாம் ஒருவன் தட்டை நீட்டி, "என்னண்ணே, எங்க வீட்டுத் தாமோல் கசக்குதா?" என்கிறான். மறுத்தால் பகை என்று நினைப்பான். என்னைக் கட்டிக்கொண்ட பினிதா வேறு, "அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்று முணுமுணுக்கிறாள். அவள் கிடக்கிறாள்.

உன் தம்பி

குவாஹாட்டி, மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

மூன்று குப்பிகளையும் பார்த்துவிட்டேன். எலும்பை அரிக்கும் சரக்கு இவ்வளவு குறைவாக யாரிடமும் நான் கண்டதில்லை. நம்பாமல் மறுபடி சோதித்தேன், அதேதான். கூடத்தில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்ட சோதனைத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பிஹுவுக்கு முன் எக்ஸ்ரேக்கு வந்து போ. முடியாவிட்டால், மெதுவாக ஒரு பாட்டு மட்டும் ஊது.

ஜுன்மணி

டெமௌ, ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஒத்திகை இருப்பதால் வர முடியவில்லை. காலையில் தலையணையில் கொஞ்சம் ரத்தம். நாக்குப் பட்டால் நடுப்பல் அசைகிறது. புது எலும்பு பிடிக்கும்போது அப்படித்தான் இருக்குமோ என்னவோ. உன் தாள்தான் நன்றாக ஆறிவிட்டது என்கிறதே! அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். நான் சாப்பிடும்போது பினிதா என் வாயையே பார்க்கிறாள்.

உன் தம்பி

குவாஹாட்டி, ஏப்ரல் 11

தம்பி,

ஊதாதே. நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் ரத்தமும் என் தாளும் ஒத்துப்போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் கிளம்பி வா.

அக்கா

டெமௌ, ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை பஸ்காரர் பிஹுவுக்கு மறுநாள்தான் கொடுத்தார். முதல் பாட்டு முடியும் முன்பே ஒரு பல் கொம்புக்குள் விழுந்தது. அடுத்தது என் உள்ளங்கையில். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மூன்று குப்பிகளிலும் இருந்தது பினிதாவின் எச்சில். என்னுடையது தாமோலால் சிவந்திருந்தது. நீ திட்டுவாய் என்று அவளைத் துப்பச் சொன்னேன். உன் நல்ல செய்தி வந்தபோது, அது என் வாயைப் பற்றியது என்று நானே நம்பிவிட்டேன். நம்ப ஆசையாக இருந்தது, அக்கா.

மீதி இரண்டு பற்களும் ஆடுகின்றன. இத்துடன் வரும் நான்காவது குப்பி என்னுடையது. இதுவும் சிவப்பாகத்தான் இருக்கிறது. நான் தாமோலைத் தொட்டு ஐந்து நாளாகிறது.

டிலேஸ்வர்