துண்டுக்கடியில் மூன்று விரல்

மட்டாஞ்சேரி
6.5.2024

அன்புள்ள சகீலாவுக்கு உன் மச்சான் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் நலம். சோறுதான் நலமில்லை, நேற்று கஞ்சியானது, இன்று பசையாகிவிட்டது. போனில் பேசலாம்தான். ஆனால் உன் போன் எப்போதும் நம் நௌரின் கையில். வாய்ஸ் அனுப்பினால் உங்கள் பாலக்காட்டு வீடே உட்கார்ந்து கேட்கும். நம் மகளுக்கு வாசிக்க மலையாளம்தான் வரும். எட்டாம் வகுப்பில் தோற்ற என் தமிழ் இப்படி உதவும் என்று வாத்தியார் நினைத்திருக்க மாட்டார்.

அன்று ஆஸ்பத்திரியில், "அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி நினைச்சிருக்கீங்க?" என்று டாக்டர் மாதுரி கேட்டதும் உனக்கும் வெட்கம், எனக்கும். நீ என் தோள்துண்டை மடியில் இழுத்துப் போட்டு, அதற்கடியில் என் மூன்று விரலை அமுக்கினாய். பண்டகசாலையில் நாங்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து மிளகுக்கு விலை பேசுகிற மாதிரி. கல்யாணமான புதிதில், உம்மா காதுக்கு எட்டாமல் ரகசியம் பேச, நான்தானே உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன்.

இருபது வருஷத் தரகுக் கை, சும்மா இருக்குமா? நீ மூன்று வருஷம் என்றதும் தானாகவே உன் ஒரு விரலைப் பிடித்துவிட்டது. "ஒரு வருஷம் போதும் டாக்டர்" என்று வாயும் கூடச் சேர்ந்துகொண்டது. நீ கையை எடுத்துக்கொண்டாய். மறுநாள் பிள்ளைகளோடு பாலக்காட்டுக்கு வண்டி ஏறினாய்.

இன்று மதியம் சுக்கு மூட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். கனவில், பண்டகசாலை கயிறு அவிழ்ந்து காயலில் மெல்லப் போகிறது. தண்ணீர்மேல் அக்கரைவரை ஒரே வெள்ளைத் துண்டு. அதற்கடியில் உன் கையைத் தேடுகிறேன், மீன்கள்தான் தட்டுப்படுகின்றன.

எப்போது வருவாய்?

கமாலுதீன்


பாலக்காடு
11.5.2024

மச்சானுக்கு, ஸலாம்.

தண்ணீரைக் குறைத்து வையுங்கள், சோறு சரியாகும். குட்டி ஷானவாஸ் குப்புற விழப் பார்க்கிறான்.

சிரிக்க வைத்தால் வந்துவிடுவேன் என்று நினைப்பு. சிரித்தேன், அது வேறு. இவன் வயிற்றில் இருந்த கடைசி மாதம் பிரஷர் ஏறி எனக்குக் கண் இருண்டதே, மறந்துவிட்டீர்களா? அந்தப் பயத்தைத்தான் விரலில் சொன்னேன். என் உடம்பு என்ன மிளகு மூட்டையா, குறைத்துப் பேச? இது உங்களுக்கு விளங்காமல் நான் வருவதாக இல்லை.

சகீலா


மட்டாஞ்சேரி
20.5.2024

அன்புள்ள சகீலா,

டாக்டரிடம் தனியாகப் போனேன். சுற்றிலும் கர்ப்பிணிகள். "பார்ய எவிடே?" என்று ஒரு சேச்சி கேட்டார், பெண்டாட்டி எங்கே என்று. பாலக்காட்டில் என்றேன். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

டாக்டரிடம் துண்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வலி அவங்களுக்கு, எண்ணிக்கை உங்களுக்கா?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். மிளகு சாம்பிள் உறையின் பின்னால் குறித்துக்கொண்டேன், அதையும் இதோடு வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷத்துக்குள் அடுத்தது கூடாது. ரெண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை உன் பிரஷருக்கு ஒத்துவராது. காப்பர்-டி பல வருஷம் நிற்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், தாய்ப்பாலுக்குக் கெடுதல் இல்லை. சிலருக்கு மாதவிலக்கு கூடுதலாகப் போகும். கைத்தோலுக்கடியில் வைக்கும் சின்னக் குச்சி ஒன்று, மூன்று வருஷத்துக்கு. எதுவானாலும் உன்னைப் பரிசோதித்த பிறகு, நீ தீர்மானிப்பதுதான்.

அதுவரை ஆணுறை என் பொறுப்பு. தெரிந்தவர்கள் இல்லாத மருந்துக்கடை என்று தோப்பும்படிக்குப் போனால், கவுண்டருக்குள்ளே நிற்கிறான் உன் பெரியம்மா மகன் நௌஷாத். இருமல் மருந்து வாங்கித் திரும்பினேன். மறுநாள் மறுபடி போய் வாய்விட்டுக் கேட்டேன். அவன்தான் வெட்கப்பட்டான்.

மூன்று என்றால் மூன்று. இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்றால் ஆணுக்கும் ஒரு சின்ன ஆபரேஷன் உண்டாம், நிரந்தரமானது. அதற்கும் நான் தயார்.

நேற்றும் அதே கனவு. காயல் வற்றி, துண்டு ஈரமாகக் கிடக்கிறது. நான் எதையும் தேடவில்லை. கரையில் உட்கார்ந்திருந்தேன்.

கமாலுதீன்


பாலக்காடு
28.5.2024

மச்சானுக்கு,

உங்கள் உறையையும் சேர்த்து வாசித்தேன். மிளகு வாசம் இன்னும் போகவில்லை, ஷானவாஸ் தும்முகிறான்.

காப்பர்-டி என்று யோசித்து வைத்திருக்கிறேன். டாக்டரிடம் இன்னும் ரெண்டு கேள்வி இருக்கிறது. அதை நானே வாய்திறந்து கேட்பேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

நௌரினுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சனிக்கிழமை மதிய வண்டியில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வாருங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது, அங்கேயும் இருக்கும். அந்தத் துண்டைத் துவைத்து எடுத்து வாருங்கள், பிள்ளையைப் போர்த்த வேண்டும்.

உங்கள் சகீலா