எலிக்கா, மனுஷனுக்கா?

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். இன்று காலை நான் உன் ட்வீசரால் எடுத்தேன். வாசலில் இருக்கும் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சரியாக ஏழு மணிக்கு போன் அடித்தது. நீ போன பிறகு அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. திடுக்கிட்டுத் திரும்பியதில் முள் விரலைப் பதம் பார்த்துவிட்டது. முள்ளோடு போய்த்தான் போனை எடுத்தேன். யார் பேசியது என்று பிறகு சொல்கிறேன். எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் நீ எவ்வளவு இழுத்தடிப்பாய்! கொஞ்சம் நீயும் பொறுத்துக்கொள்.

பேசி முடித்துவிட்டு, இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்த ட்வீசரை எடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரே இழுப்பு. கை நடுங்கவில்லை. முப்பது வருடம் மைக்ரோஸ்கோப்பின் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நிமிர்த்திய கை அல்லவா. உன் கை என் கையைவிட ஒரு படி மேல். இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ இருந்தபோது ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

நம் பேட்டை மார்சிலிங்கிலிருந்து கம்பெனி பஸ் ஏறி அந்த சிப் தொழிற்சாலைக்குப் போன காலத்தில் உன் முகத்தைவிட உன் கண்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, வாயை மூடிய துணி, கண் மட்டும் வெளியே. நல்ல சிப்பை விட்டுவிடுவோம். கெட்டதன்மேல் ஒரு சிவப்பு மைப்பொட்டு வைப்போம். நல்லவை எங்கே போகின்றன, எதற்குள் போய் உட்காருகின்றன என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. சம்பளம் வந்தது, நானும் கேட்டதில்லை. நீதான் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாய். அவர், "எங்கயோ போகுது லா, நீங்க வேலயப் பாருங்க" என்று நம்மூர் 'லா' போட்டுச் சொல்லிவிட்டார். பதில் கிடைக்காததால் நீயே ஒரு பதிலை முடிவு செய்துகொண்டாய். உலகத்தில் எந்தப் புது இயந்திரம் வந்தாலும், "அதுக்குள்ள நம்ம சிப் இருக்கும் லா!"

ஓய்வு பெற்ற பிறகு அந்த நம்பிக்கை இன்னும் முற்றிவிட்டது. காலை ஏழு மணிக்கு போன். ஹலோ கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. "கேட்டியா?" என்று ஆரம்பிப்பாய். பேப்பரில் வந்த அறிவியல் செய்தியை வரி விடாமல் வாசிப்பாய். காது கேளாத எலிக்குக் காது கேட்கிறதாம். பார்வை போன எலிக்கு வெளிச்சம் தெரிகிறதாம். நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன்: "எலிக்கா, மனுஷனுக்கா?" நீ கொஞ்சம் சுருதி இறங்கி, "இப்போதைக்கு எலிக்குத்தான்" என்பாய். "எலிக்கெல்லாம் ராஜயோகம்டி! அடுத்த பிறவில எலியாப் பொறந்துரலாம்" என்பேன். நீ கோபித்துக்கொள்வாய். மறுநாள் ஏழு மணிக்கு மறுபடியும் "கேட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோசைக்குக் காத்திருந்தோம். கருந்துளையை முதன்முதலாகப் படம் பிடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் மங்கலான ஆரஞ்சு வளையம். நீ படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாய். என்ன செய்தி என்று படிப்பதற்கு முன்னாலேயே உன் கை பைக்குள் பேனாவைத் தேடியது.

"கருகிப் போச்சு லா. ரிஜெக்ட்."

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது! கம்பி ஒட்டும் இடத்தில் சூடு அதிகமானால் நம் சிப் அப்படியேதான் கருகும். அந்தப் படத்தைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்துகொண்டிருக்க, நாம் இருவர் மட்டும் சிவப்புப் பொட்டு வைக்கப் பார்த்தோம். தேநீர் புரையேறும் வரை சிரித்தேன். நீ சிரித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாய். படிக்கப் படிக்க உன் குரல் தழுதழுத்தது. "கண்ணுக்கே தெரியாததுன்னு சொன்னத பாத்துட்டாங்கடி. எத்தன பேரு எத்தன வருஷம் உக்காந்து பாத்திருப்பாங்க!" தோசை ஆறிப்போனது. வானத்தைப் பற்றி எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் உட்கார்ந்து பார்ப்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை அதனால்தான்.

பிறகு உன் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போயின. முதலில் சாவி விழுந்தது, அப்புறம் கரண்டி. நரம்பு நோய் என்றார் டாக்டர். ஏன் வருகிறது என்று தெரியாது, நிறுத்த மருந்தும் கிடையாது, ஆராய்ச்சி நடக்கிறது என்றார். வெளியே வந்து நான் அழுதேன். நீயோ, "தெரியாதுன்னு தைரியமா சொல்றாரு பாத்தியா?" என்று அவரை மெச்சிக்கொண்டிருந்தாய். அந்த வாரம்தான் இந்த ட்வீசரை என்னிடம் கொடுத்தாய். "இனிமே என் கையில நிக்காது. நீ வெச்சுக்க." ஏழு மணி போன் மட்டும் நிற்கவில்லை. "கேட்டியா? நம்ம நரம்பு வியாதிதான். எலி எழுந்து நடக்குதாம்" என்றாய் ஒருநாள். எலிக்கா மனுஷனுக்கா என்று நான் கேட்கவில்லை. நீ கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஏன்டி கேக்கல?" என்றாய்.

ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினாய். இறந்த பிறகு உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கும் படிவம். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம். நான் படிவத்தை உன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"நம்ம கம்பெனில ரிஜெக்ட் பீஸ குப்பையிலயா போட்டாங்க?" என்று கேட்டாய்.

போடமாட்டார்கள். சிவப்புப் பொட்டு வைத்ததை மேல்மாடி லேப்புக்கு அனுப்புவார்கள். அங்கே எஞ்சினியர்கள் அதைத் திறந்து, ஏன் கெட்டது என்று பார்ப்பார்கள். அடுத்தது கெடாமல் இருப்பதற்காக.

"அதான். என்னையும் லேப்புக்கு அனுப்பிரு."

கையெழுத்துப் போட்டேன். ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன்: சமயம் வரும்போது இந்தப் படிவத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன்.

நீ கண்மூடிய அந்தக் காலையும் வந்தது. உன் மகள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றாள். "நோ, ஆன்ட்டி. எங்கம்மாவ வெட்ட விடமாட்டேன். கொள்ளிகூட வெக்காம நான் என்ன பொண்ணு?" சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "உன் விருப்பம் போல் செய்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அப்போதுதான் உன் விரல்களைப் பார்த்தேன். கோழிக் கால் மாதிரி மடங்கிக் கிடந்தன.

"இந்த வெரலு ஏன் இப்படி ஆச்சுன்னு யாருக்கும் தெரியலம்மா" என்றேன். "தெரியாமலே எரிச்சிரலாமா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுக்கணும்."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, "சாம்பலாச்சும் வருமா?" என்று கேட்டாள். வரும், நாளாகும் என்றேன். கல்லூரிக்கு அவளே போன் செய்தாள். ஆனால் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. சாம்பல் வந்தபோதும், கடலில் கரைத்தாயிற்று என்று ஒரு வரிச் செய்தி மட்டும்தான் வந்தது. நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மார்சிலிங் மார்க்கெட்டில் அவளைத் தூரத்தில் கண்டால் வேறு கடைப் பக்கம் போய்விடுவேன்.

இன்று காலை ஏழு மணிக்கு அவள்தான் பேசினாள். ஹலோ சொல்லவில்லை.

"ஆன்ட்டி, கேட்டீங்களா?"

விரலில் முள் குத்திக்கொண்டிருந்தது. "என்னம்மா?" என்றேன்.

"அம்மாக்கு வந்த மாதிரி நரம்பு நோய்க்கு மருந்து. நியூஸ்ல வந்திருக்கு."

வேறென்ன கேட்பேன்? "எலிக்கா, மனுஷனுக்கா?"

"மனுஷனுக்குத்தான், ஆன்ட்டி. ஒரு வகைக்கு மட்டும். அதும் ஸ்லோதான் பண்ணுதாம், க்யூர் இல்ல."

எலியிலிருந்து மனுஷனுக்கு வந்துவிட்டதடி. எத்தனை பேர் எத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்தார்களோ. அந்த முகம் தெரியாதவர்களை, போனைப் பிடித்த கையாலேயே கும்பிட்டேன்.

அவள் போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, சின்னப் பிள்ளைபோல் கேட்டாள்: "அதுக்குள்ள அம்மாவும் கொஞ்சம் இருப்பாங்கல்ல?"

அந்த மருந்து எந்த ஊரில் யார் கண்டுபிடித்ததோ. உன்னைத் திறந்து பார்த்த மாணவர்கள் இப்போது எந்த வார்டில் எந்தக் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ. எனக்குத் தெரியாது. நீ சிப் கதை சொன்ன காலமெல்லாம் உன்னைக் கேலி செய்தவள் நான்.

"இருப்பா லா" என்றேன்.