நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த வெற்றுப் படிவம்

சார்,

இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த நகல் தாளில் ஒரு சூடும், லேசாகக் கருகிய வாசனையும் இருக்கும். போன மாதம் அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழை நகலெடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய கட்டு ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் வந்து விழுந்த தாளைப் பார்த்தேன். நாம் இருவரும் எழுதிய நிலவியல் புத்தகத்தின் நான்காம் பாடம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சுவரில் மூன்று பாறை அடுக்குகள் தெரிகிற, நீங்கள் எடுத்த படம். அதன் ஓரத்தில் ஒரு காகிதச் சீட்டை ஒட்டி நகலெடுத்திருந்தார்கள். சீட்டில் கையெழுத்தில், ‘படத்தில் உள்ள எண்களைத் தலைகீழாகக் கொள்க’ என்று இருந்தது.

கடைக்காரர் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே பேசினார். “ஆண்டிமடத்துலேர்ந்து ஒரு மேடம் குடுத்தது சார். புத்தகத்துல தப்பா இருக்காம். ஆனா மாத்தக் கூடாதுன்னு உள்ளயே எழுதிப் போட்டிருக்காம். அதான் சீட்டு ஒட்டி ஒட்டி எடுக்கறாங்க. தப்பாவும் எழுதிப்புட்டு, மாத்தவும் கூடாதுன்னா, எவன் சார் அவன்?”

“தெரியலைங்க” என்றேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லாதவன் இப்போது எழுதுவதில் என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். வரிசை தவறினால் எனக்கு ஓடாது என்று உங்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தபோது கல்லூரி முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் அந்த அறிவிப்பைப் படித்தார். விலை கொடுத்து வாங்கும் பாடநூல்களை விட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த கல்வி வளங்களுக்கு மாறுகிற ஆசிரியர்களுக்குக் கல்லூரி நல்கையாக ஒரு சிறு தொகை தரும். புதிதாக எழுதுபவர்களுக்கு வாரத்தில் நான்கு பாடவேளை குறைக்கப்படும். இயற்பியல்காரர் சிரித்தார். “காசு குடுத்து வாங்குன புக்கையே பயலுவ படிக்கல. சும்மா குடுத்தா படிச்சிருவானுவளா?”

“சும்மா குடுத்த ரேஷன் அரிசியில நீங்களும் இட்லி தின்னுதான சார் புரொபசர் ஆனீங்க?” என்றீர்கள். கூட்டம் முடிவதற்குள் விண்ணப்பத்தில் என் பெயரையும் எழுதிவிட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன். யோசித்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போயிருக்கும்.

நாம் எழுதிய முறை வேறு யாருக்கும் ஒத்துவந்திருக்காது. நீங்கள் பாடம் நடத்துவீர்கள். நான் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். உங்களைவிட எட்டு வயது மூத்தவன், துறைத்தலைவர் வேறு. பிள்ளைகள் முதல் வாரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் அவர்கள் பேனா நிற்கிறது, எந்த உதாரணத்தில் தலை நிமிர்கிறது என்று நான் குறித்துக்கொள்வேன். மாலையில் அந்தக் குறிப்பை வைத்து நான் எழுத, எழுதியதை நீங்கள் உரக்கப் படிப்பீர்கள். வாய்க்கு இடறிய வரியை அடித்துவிடுவீர்கள். ஆங்கிலப் புத்தகத்தில் எங்கோ ஒரு நாட்டின் மலை இருந்த இடத்தில், நம் பிள்ளைகளின் அப்பாக்கள் லாரி ஓட்டுகிற சுரங்கத்தின் சுவர் வந்தது. பொடி அப்பிய செருப்போடு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே திரிந்தோம். நீங்கள் படமெடுத்தீர்கள். நான் அளந்து எழுதிக்கொண்டேன். ஒருமுறை ஒரே அடுக்கை நான் மூன்றாம் தடவையாக அளப்பதைப் பார்த்து, “பத்து கோடி வருசமா அப்படியேதான் சார் கெடக்கு, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வளந்துடாது” என்றீர்கள்.

அப்படி அளந்த நான்தான் அந்தப் படத்துக்கு எண் போட்டேன். அடியில் உள்ள அடுக்குதான் பழையது. அதற்குத்தான் ஒன்று என்று போட வேண்டும். முதல் வருட மாணவனுக்குத் தெரியும். நான் மேலிருந்து கீழே எண்ணியிருக்கிறேன். எத்தனையோ தடவை சரிபார்த்தேன். எழுத்துகளைப் பார்த்தேன், அளவுகளைப் பார்த்தேன். எண்களைப் பார்க்கவில்லை.

இனி அந்தப் படிவம். நல்கை பெற்றவர்கள் புத்தகத்தை வெளியிடும்போது உரிமத்தைத் தேர்ந்து கையெழுத்திட வேண்டும். இரண்டு கட்டங்கள். ஒன்று, யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், தங்கள் மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றலாம். மற்றது, நகலெடுக்கலாம், மாற்றக் கூடாது. எதைத் தேர்வது என்று நாம் பேசியதே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நீங்கள் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். “சோத்த மட்டும் வடிச்சு வைப்போம் சார். அவங்கவங்க ஊட்டுக் கொழம்ப ஊத்திக்கட்டும்.”

அன்று உங்களுக்குப் பெரம்பலூரில் தேர்வுப் பணி. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. படிவத்தின் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு என் மேஜையில் வைத்தீர்கள். “மிச்சத்த நீங்க ரொப்பிடுங்க சார்” என்றபடி படி இறங்கிவிட்டீர்கள்.

நான் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் நம் பக்கங்களைத் திறந்து, என் வாக்கியத்தை மாற்றி, தப்பாக ஒன்றை எழுதி, மேலே என் பெயர் அப்படியே இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து என்னைப் பார்த்தபடி இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அதை நான் பார்க்கவே இல்லை. உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

புத்தகம் வந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அந்த வரி இருந்தது. நீங்கள் பார்த்தீர்களா, பார்த்தும் எனக்காகப் பேசாமல் இருந்தீர்களா, எனக்குத் தெரியாது. பிறகும் மூன்று வருடம் நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்து, உங்கள் சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த பிறகு ஆண்டிமடத்து ஆசிரியையைத் தேடிப் பேசினேன். மலர்விழி என்று பெயர். கௌரவ விரிவுரையாளர். “சார், நீங்களா?” என்றவர், பிறகு எல்லாவற்றையும் சொன்னார். படத்தைத் திருத்தவும், அவர் வகுப்புக்கு ஏற்றபடி சில இடங்களை எளிமையாக்கவும் நம் கல்லூரிக்கு எழுதியிருக்கிறார். உரிமத்தை மாற்ற இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டதால் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். “இந்த செமஸ்டர்லயே திருத்தலன்னா புக்க லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவாங்களாம் சார். போன தடவ அந்தப் படம்தான் பரீட்சைக்கு வந்துச்சு. நான் சீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்ச பசங்க. பத்து மார்க் போச்சு. வேற புக்குன்னா இங்கிலீஷ்லதான் இருக்கு. வாங்கவும் மாட்டாங்க, வாங்கினாலும் புரியாது.”

பத்து மதிப்பெண். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கல்லூரியில் விசாரித்தேன். உங்கள் இடத்தில் உங்கள் மனைவி கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். மாற்றம் கோரும் படிவத்தை வாங்கி, நிரப்பி, பெரம்பலூர் போய், அங்கிருந்து வேறு பேருந்தில் செட்டிகுளத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். “வாங்கண்ணே” என்றார்கள். காப்பி கொடுத்தார்கள். சின்ன வெங்காயம் இந்த வருடம் அழுகிப்போனதைப் பற்றிப் பேசினோம். படிவம் பையிலேயே இருந்தது. அப்படியே திரும்பி வந்தேன்.

மறு வாரம் மறுபடியும் போனேன். இந்த முறை உட்கார்ந்ததும் படிவத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள்.

“மாத்தலாம்னா, அவரு எழுதுனதையும் எடுத்துருவாங்களாண்ணே?”

“வேணும்னா எடுக்கலாம்மா.”

“அப்ப வேணாம்.” படிவத்தை மடித்து என்னிடமே நீட்டினார்கள். “படிக்கறப்ப அவரு பேசற மாதிரியே இருக்கு. அதுல போயி எவங்களோ கை வெக்கறதுக்கு நான் எப்புடி கையெழுத்து போடுவேன்?”

சார், அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். அவர்களுக்கும் மனம் நிம்மதியாக இருந்திருக்கும், என் ரகசியமும் என்னோடு இருந்திருக்கும். எழுந்தும்விட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடிதான் சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. யாரும் மாற்றலாம் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றேன். நம்பிக் கொடுத்த தாளில் நான் மாற்றி எழுதினேன் என்றேன். அந்தப் படத்தின் தப்பும் என்னுடையது என்றேன்.

பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி நின்றது.

“அவரு போன அன்னிக்கு அந்தத் தூணப் புடிச்சிக்கிட்டு அப்புடி அழுவுனீங்க. அன்னிக்குக்கூட வாயத் தொறக்கலியேண்ணே.”

“ஆமாம்மா.”

“அந்தத் தாளக் குடுங்க.”

வாங்கி மறுபடியும் விரித்தார்கள். மாற்றம் கோருவதற்கான காரணம் என்று ஒரு பத்தி அதில் இருந்தது. அங்கே நான், ‘பாடத்திட்ட மாறுதல்களைக் கருத்தில் கொண்டு’ என்று எழுதியிருந்தேன். விரல் அங்கே நின்றது.

“இதுவா காரணம்?”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்கள்.

“நெசத்த எழுதுங்க. போடறேன்.”

என் பேனாவாலேயே அந்த வரியை அடித்தேன். கீழே இடம் குறைவாக இருந்தது. பொடி எழுத்தில் எழுதினேன்: ‘என் இணை ஆசிரியர் என்னை நம்பி நிரப்பாமல் கையெழுத்திட்டுத் தந்த படிவத்தில், அவருடைய விருப்பத்துக்கு எதிராக, அவருக்குத் தெரிவிக்காமல், நான் உரிமத்தைத் தேர்ந்தேன். நான்காம் பாடத்துப் படத்தில் உள்ள பிழை என்னுடையது.’ முப்பத்தாறு வருடம் அந்தக் கல்லூரிக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுதியதில்லை.

அவர்கள் முழுவதும் படித்துவிட்டு உங்கள் பெயருக்கு நேரே தன் பெயரை எழுதினார்கள். பிறகு கேட்டார்கள்: “மாத்துனதுக்கு அப்பறம் எது அவரு எழுதுனது, எது மத்தவங்க எழுதுனதுன்னு தெரியுமா?”

“போகப் போகத் தெரியாதும்மா. பேரு மட்டும் இருக்கும்.”

தலையை ஆட்டினார்கள். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பேருந்தில் வரும்போது எனக்கு இருந்தது நிம்மதி இல்லை. உங்கள் குரல் இருக்கிற ஒரே இடத்தை உங்கள் மனைவியின் கையாலேயே பிரித்துக் கொடுக்க வைத்துவிட்டேன். நீங்கள் கேட்டதும் அதைத்தான். இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று இந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் ஏதாவது கேலி செய்து தாண்டிப் போய்விடுவீர்கள். எனக்கு அது வராது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, யோசிக்காமல் ஒருவரை நம்புகிற உங்கள் அந்தக் கையெழுத்து. அதற்குத் தகுதியாக நான் நடக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

படிவத்தை நாளைக் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாதாம், நேரில்தான் தர வேண்டுமாம். படிவங்களை வாங்கும் இருக்கையில் இப்போது இருப்பவர் நம்மிடம் படித்தவர். நான் போனால் எழுந்து நிற்பார். பிறகு உட்கார்ந்து, எல்லாப் பத்திகளையும் ஒவ்வொன்றாகப் படிப்பார். அவர் படித்து முடிக்கும்வரை நான் எதிரிலேயே நிற்க வேண்டும்.

நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன், சார்.