கடைசியை முதலில் பார்த்தவர்கள்

அக்டோபர் 4, 1988, செவ்வாய்

கால் வலி. நாளை தியேட்டரில் படம் மாறுகிறது. சுவரொட்டியில் ஒரு கதவு, அதன் அடியில் இரத்தம். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று மணிலாவிலிருந்து உத்தரவாம். எல்லாரும் மானோங், அண்ணன், என்று கூப்பிடும் மேனேஜர் எலோய் அந்தத் தாளை வாசலில் ஒட்டிவிட்டு, “செலிங், இனி உன் பாடு” என்று போய்விட்டார்.

பதினொரு வருடமாக டிக்கெட்டைக் கிழித்து ஆளை உள்ளே அனுப்புவதுதான் என் வேலை. தடுத்துப் பழக்கமில்லை. இந்த இலோய்லோ ஊரில் யார் படத்தை முதலிலிருந்து பார்த்தார்கள்? சந்தை முடிந்து வருவார்கள், மழைக்கு ஒதுங்கி வருவார்கள். பாதியில் நுழைந்து முடிவைப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் தாங்கள் நுழைந்த இடம் வந்ததும் எழுந்து போவார்கள்.

அக். 5, புதன்

நினைத்தபடியே சண்டை. மீன்காரி ஒருத்தி கூடையை என் காலடியில் போட்டாள். “ஏண்டியம்மா, சொர்க்கத்து வாசல்ல சாவி வச்சிருக்கிற பேதுருன்னு நெனப்பா? உள்ள விடு, கால் கடுக்குது.”

எனக்கும்தான் கடுக்கிறது.

அக். 6, வியாழன்

கூட்டம் தாங்கவில்லை. படத்தில் ஒரு தையல்காரி. கணவன் ஆற்றோடு போய்விட்டான் என்று நம்பி இருக்கிறாள். ஊரில் இரண்டு கொலை. இவனோ அவனோ என்று நாலு பேர் மேல் சந்தேகம் போகிறது. கடைசியில் பார்த்தால் கொலைகாரன் அந்தக் கணவனேதான், சாகவே இல்லை. அவனை ஒளித்து வைத்தது அவன் தம்பி. தினமும் அவளுக்கு ஆறுதல் சொன்ன அதே தம்பி.

கதவுச் சந்தில் நின்று கடைசிப் பத்து நிமிடத்தை ஐந்து முறை பார்த்துவிட்டேன். திருப்பத்துக்காக இல்லை. அந்தப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொல்கிறாரே, அதற்காக. அது இருந்தால் போதும் எனக்கு. யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

என் புருஷன் திமோ கப்பலை விட்டு இறங்கி மூன்று வருடம். “பிரேசில்ல ஒரு துறைமுகத்துல எறங்கினாரு, திரும்பல” — கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நான் மனைவியா, விதவையா? எதுவாக இருந்தாலும் சரி, சொல்லிவிட்டால் தூங்குவேன்.

அக். 8, சனி

மாமியாருக்கு மூன்று முறை துணி மாற்றினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் அசைவதே இல்லை. மழை.

அக். 9, ஞாயிறு

மதியக் காட்சி முடிய கால் மணி நேரம் இருக்கும்போது பூரிங் வந்தாள், திமோவின் தங்கை. தலை முழுக்க நனைந்திருந்தது. “மானாங், அண்ணி, வீட்டுல புள்ளைங்க நாலும் சேர்ந்து உசிர எடுக்குதுங்க. கொஞ்ச நேரம் உள்ள விடு, கும்புடுறேன்.” மானோங் எலோய் பாச்சோய் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தார். விட்டுவிட்டேன்.

முடிவைப் பார்த்தாள். எல்லாரும் செய்வதுபோல அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள்.

“என்ன, படம் புடிக்கலையா?”

“தலவலி மானாங்.” என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அக். 10, திங்கள்

பூரிங்குக்கு ஒரு படம் கிடைத்தால் இரண்டு நாள் பேசுவாள். நேற்று ஏன் அப்படி ஓடினாள்?

அக். 11, செவ்வாய்

காலையில் மாமியாரின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பூரிங் வாசலிலேயே நின்றாள். வெளியே வா என்று கையால் கூப்பிட்டாள்.

“முடிவ மொதல்ல பாத்துட்டேன் மானாங். அப்புறம் ஆரம்பம். அந்தத் தம்பிக்காரன் கஞ்சியக் கொண்டுவந்து குடுத்து, ‘பொறுத்துக்க, வந்துருவான்’னு சொல்றான். பக்கத்துல ஒருத்தன் தர்பூசணி வெதையத் துப்பிட்டு, ‘அடப்பாவி நாயே’ன்னான். என்னையே சொன்ன மாதிரி இருந்துச்சு.”

எனக்குப் புரியவில்லை.

“அவன் இருக்கான் மானாங். பிரேசில்லயேதான். வருசத்துக்கு ரெண்டு கடுதாசி எனக்கு வரும். அங்க ஒருத்தி. ஒரு பொண்ணும் இருக்கு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ போயிருவ. அம்மாவ யாரு பாக்குறது?”

இவ்வளவுதான். தொப்பியும் இல்லை, மேசையும் இல்லை. ஈரத் துண்டு கையில் இருந்தது. அடிக்கலாம்போல் இருந்தது. உள்ளே போய் மாமியாரின் தலையைத் துவட்டி முடித்தேன்.

மூணு வருசமா மெழுகுவத்தி ஏத்தினேனே — எத்தன சாமிகிட்ட! அவ பக்கத்துலயே நின்னு வேடிக்க பாத்தாளே.

அக். 12, புதன்

படம் மாறிவிட்டது. காதல் கதை. வாசலில் சண்டை இல்லை.

யாருக்கெல்லாம் தெரியும்? பூரிங் புருஷனுக்குத் தெரியும். அவன் தெருவில் என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவானே, அது மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர்களெல்லாம் முடிவு தெரிந்து பார்த்தவர்கள். நான் மட்டும் திரையில் இருந்திருக்கிறேன். முடிவு தெரிந்தவனுக்குத்தான் முதல் பாதியில் ருசி அதிகம் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

அக். 13, வியாழன்

பூரிங்கிடம் சொல்லிவிட்டேன். “ஞாயித்துக்கிழம வந்து உன் அம்மாவக் கூட்டிட்டுப் போ.” சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அக். 16, ஞாயிறு

மூன்று சக்கர வண்டியோடு வந்தாள். பாய், இரண்டு தலையணை, அந்தோணியார் படம், மருந்துப் பை, எல்லாவற்றையும் ஏற்றினோம். மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. மகன் கடலில் இருக்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வண்டியில் உட்கார வைத்ததும் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன ஏன் அனுப்புற, செலிங்? நான் என்ன தப்புப் பண்ணேன்?”

பூரிங் என்னைப் பார்த்தாள். சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மூன்று நாளாக அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

“தியேட்டர்ல வேல நேரத்த மாத்திட்டாங்கம்மா. கொஞ்ச நாளைக்குத்தான்.”

“திமோ வந்தா எங்க தேடுவான்?”

“உங்களத்தான் மொதல்ல தேடி வருவான்.”

சிரித்தாள். பல்லில்லாத வாய். கையை விட்டாள்.

எவ்வளவு சுலபமாக வந்தது எனக்கு! பூரிங்குக்கும் முதல் நாள் இப்படித்தான் வந்திருக்கும். அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். வண்டி போனதும் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மதியக் காட்சி பாதி ஓடியிருக்கும். மறுபடி தூங்கினேன்.