கெட்டில் ஓடையில் பதில் சொன்ன கொம்பன்

ஹார்லன் ஃபோர்க், மொன்டானா
செப்டம்பர் 24

அன்பு மகள் மாரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் புது முழங்கால் அப்பாவைவிட நன்றாக இருக்கிறது. நீயும் நியூசிலாந்தில் நலமாக இருக்க வேண்டும். வெலிங்டனில் குளிர் விட்டிருக்கும், அதற்காக அந்த ஊர்க் காற்றை நம்பி ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதே. ஜூலையில் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "அம்மா, அப்பா விட்ட அம்புல ஒரு எல்க் மான் விழுந்துட்டா, அதை யாரு கீழ இறக்குறது?" என்று. கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா உடனே எழுந்து, டிரக்கில் ஆயில் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். முப்பத்தோரு வருடம் நாலாம் வகுப்பு எடுத்தவள் நான், விடை தெரியாத பிள்ளை பென்சில் சீவப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்னிடமும் விடை இல்லை. இப்போது பாதி விடை இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குதிரையோ கூலி ஆளோ நமக்குக் கிடையாது, மலை எல்லோருக்கும் பொது, சுமப்பது அவரவர் முதுகு. ஒரு ஆண் எல்க் என்றால் நான்கு கால் சப்பை, அதுபோக உதிரிக் கறி, எல்லாம் சேர்த்து இருநூறு பவுண்டுக்கு மேல். வெயிலில் கெட்டுப்போக விட்டால் சட்டம் ஒரு பக்கம் பிடிக்கும், நம் ஊரில் முகம் காட்ட முடியாது என்பது இன்னொரு பக்கம். இருபத்திரண்டு வருடம் அப்பாவோடு வேட்டைக்குப் போய் அந்தச் சுமையில் பாதியைச் சுமந்தவர் டெல்மர் மாமா. அவரும் அப்பாவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. கூடாரம் போடும் இடத்தில் ஏதோ சண்டை என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம், முழுக்கதையை உன் அப்பா யாரிடமும் சொல்லக்கூடாது என்றுவிட்டார். இப்போது சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் செப்டம்பரில் இருவரும் கெட்டில் ஓடையின் மேல் புல்வெளிக்கு ஏறிப் போனபோது, அதுவரை அவர்கள் கூடாரத்தைத் தவிர வேறு கூடாரம் பார்த்திராத இடத்தில், வெளியூர்க்காரர் இருவர் அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். பொது நிலம், யாரும் வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் எல்க் நிற்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்வது நம் ஊரில் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பது மாதிரி. தான் சொல்லவில்லை, ஆகவே டெல்மர்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று உன் அப்பா கணக்குப் போட்டார். அங்கேயே முகத்துக்கு நேரே கேட்டும்விட்டார். டெல்மர் தன் கூடார மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அப்பா பத்து மணிக்குத் தபால் ஆபீஸ் போனால் அவர் பதினொன்றுக்குப் போகிறார். வேட்டைக் காலத்தில் மலைக்கும் அப்பா முதல் வாரம், அவர் இரண்டாம் வாரம். என் வகுப்பில் இப்படி இரண்டு பையன்கள் இருந்தால் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே கத்தரிக்கோலைக் கொடுப்பேன். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆக இந்த வருடம் டெல்மரின் இடத்துக்கு நான். சிரிக்காதே. ஆகஸ்ட் முழுதும் உன் அப்பா நாற்பது பவுண்டு நாய்த் தீனி மூட்டையை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்தார், யாராவது கேட்டால் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார், நம்மிடம் நாய் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆண் எல்க்கை வரவழைக்க நான் சமையலறையில் பெண் எல்க் மாதிரி கூப்பிடப் பழகினேன், வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வு, முதல் வாரம் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டது, பூனை பின்வாசல் வழியே போய் இரண்டு நாள் வரவில்லை. பிறகு பிடிபட்டுவிட்டது. உன் அப்பாவே ஒருநாள் சத்தம் கேட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தார், அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டாம். முழங்கால் டாக்டர் ஒரு வாரம் கழித்துப் போங்கள் என்று சொல்லிவிட்டதால் இந்தத் தடவை இரண்டாம் வாரம்தான் கிளம்பினோம். அது யாருடைய வாரம் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை, அவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் கூத்து. வெயில் மரநுனியைத் தொட்ட நேரம், அப்பா முன்னால் வில்லோடு ஒரு தேவதாருவுக்குப் பக்கத்தில், நான் நாற்பது கஜம் பின்னால் ஒரு பாறைக்கு மறைவில். நான் பெண்மான் குரல் கொடுத்தேன், அவர் குழாயில் ஆண்மான் மாதிரி ஊதினார். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண் எல்க், பெரிய கொம்பன், பதில் சொன்னது. உன் அப்பா திரும்பி, கையை அகல விரித்து எவ்வளவு பெரியது என்று காட்டினார். இரண்டு மணி நேரம், மாரிட், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்தக் கொம்பனும் உன் அப்பாவும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். இவர் உறுமினால் அது கெக்கலித்தது, இவர் கட்டையால் மரத்தை அடித்தால் அதுவும் அடித்தது, மாவுப் புட்டியை அமுக்கி, மாவு பறக்கும் பக்கத்தை வைத்துக் காற்றின் திசை பார்த்துப் பார்த்துப் புட்டியே காலி. எனக்கு மட்டும் நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் கொம்பன் ஒரு தடவை ஊதுவதற்கு முன் தொண்டையைச் செருமியது. மனப்பாடப் பாட்டு ஒப்பிக்க எழுந்து நிற்கும் பிள்ளை செருமுவது போல அவ்வளவு சுத்தமாக. சொல்லலாமா என்று யோசித்தேன், ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை, விட்டுவிட்டேன். கடைசியில் புதர் அசைந்தது. அப்பா வில்லை இழுக்கக்கூட இல்லை, எதை எய்கிறோம் என்று முழுதாகத் தெரியாமல் நாணைத் தொடாத மனிதர், அதில் அவரைப் பாராட்ட வேண்டும். புதரிலிருந்து நான்கு காலில் தவழ்ந்து வந்தது டெல்மர் மாமா. தொப்பியில் தழை, வாயில் குழாய், மீசையில் சிலந்தி வலை.

ஒருவரையொருவர் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து முதல் பேச்சு. "நீதானா? வயித்துவலிக்காரக் கொம்பன் ஒண்ணு கத்துதேன்னு நெனச்சேன்" என்றார் டெல்மர். "வயித்துவலின்னு தெரிஞ்சும் ரெண்டு மணி நேரம் தவழ்ந்து வந்தவன்தானேடா நீ" என்றார் அப்பா. "நான் ஒண்ணும் உனக்காக வரலை, பின்னால ஒரு பொண்ணு கூப்பிட்டா பாரு, அவளுக்காக வந்தேன்." அப்போதுதான் நான் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து, "காலை வணக்கம் டெல்மர்" என்றேன். மனிதர் முகம் ஸ்டாப் விளக்கு மாதிரி சிவந்துவிட்டது, தொப்பியைக் கழற்றித் தழையெல்லாம் உதிர்த்துவிட்டு, "நல்லாத்தான் கூப்பிடுறீங்க நடீன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்தேன், அவர்களுக்கும் சிரிப்பு உதடுவரை வந்தது. அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்பாவின் வாய் சும்மா இருக்கவேண்டாமா? "இந்த வருஷம் எத்தனை பேருக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கே?" என்று கேட்டுவிட்டார். டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்த வழியே நடந்து போய்விட்டார், இந்தத் தடவை இரண்டு காலில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நீ ஜூலையில் பயந்தது நடந்தது. நிஜமான கொம்பன், தொண்டை செருமாதது, என் குரலுக்கு நேரே வந்து முப்பது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. ஒரே அம்பு, நல்ல இடம். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் பின்தொடர்ந்தோம், அவசரப்பட்டுப் போனால் அடிபட்டது எழுந்து இன்னும் இரண்டு மலை தாண்டிவிடும். எண்பது அடியில் விழுந்து கிடந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்தார். எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். டிரக் இரண்டரை மைல் கீழே. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் டெல்மரைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். "வேண்டாம்" என்றார். "அப்போ கறியை யாரு சுமப்பா, உங்க நாயா?" என்று கேட்டேன். கத்தியை எடுத்து வேலையைத் தொடங்கினார்.

டெல்மரின் கூடாரம் எங்கே என்று எனக்குத் தெரியாது. பாதையில் இறங்கும்போது ஒரு இளம் தம்பதி எதிர்ப்பட்டார்கள், பையனுக்குக் கணுக்கால் சுளுக்கு, பெண்ணின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கட்டு அழகாகப் போட்டிருந்தது. யார் போட்டது என்றேன். ஊற்றுக்குப் பக்கத்தில் மீசைக்காரத் தாத்தா ஒருவர் இருக்கிறார், அவர்தான், காப்பியும் கொடுத்தார் என்றார்கள். வழி தெரிந்துவிட்டது, நான் நன்றி சொல்லிப் போயிருக்கலாம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். மின்னசோட்டா, டுலூத், இது நாலாவது வருடம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்றைக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்த இருவர் இவர்கள்தான். இந்த இடத்தை யார் சொன்னார்கள் என்று மலையில் யாரும் யாரையும் கேட்பதில்லை, அது மரியாதை இல்லை. அதனால்தான் உன் அப்பாவும் டெல்மரும் மூன்று வருடம் ஒருவரையொருவர் முறைத்தார்களே தவிர, வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, நான் டீச்சர். கேட்டேன். அந்தப் பெண் உற்சாகமாகச் சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருந்தாங்க, அவங்க மேஜையில இந்தப் புல்வெளி போட்டோ வெச்சிருப்பாங்க. ரொம்ப அழகா இருக்கேன்னு கேட்டேன், கை துடைக்கிற காகிதத்துல வழியையே வரைஞ்சு கொடுத்துட்டாங்க. தங்கமான மனசு. இப்போ நியூசிலாந்துல இருக்காங்களாம்."

தங்கமான மனசுதான். நான் யார் என்று சொல்லவில்லை. நல்ல பெண்ணாக இருப்பாள் போல என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த திருப்பத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன், கொஞ்சம் சிரிப்பில்லாத நீரும் வந்தது. டுலூத்தில் வேலை பார்த்தபோது நீ ஓர் அழகான இடத்தை ஒரு தோழிக்குக் காட்டினாய், வேட்டைக்காரர் வீட்டுப் பெண் என்பதை ஒரு நிமிடம் மறந்தாய், அவ்வளவுதான். அதை ஒரு குற்றமாக நான் எழுதவில்லை.

டெல்மரிடம் எல்க் விழுந்த விஷயத்தை மட்டும் சொன்னேன், காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு, சுமை கட்டும் முதுகுச் சட்டத்தைத் தோளில் மாட்டினார். வந்ததும் பெரிய பின்சப்பையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். அப்பா ஒரு சப்பை, நான் முதுகுக் கறியும் உதிரியும். நடுவில் அப்பாவின் கால் தடுமாறியது, டெல்மர் நின்று, தன் பையை இறக்காமலே, "உக்காருடா கெழவா, கறி ஓடிடாது" என்றார். இரண்டாம் நடைக்கு அப்பாவை டிரக்கிலேயே விட்டுவிட்டு அவரும் நானும்தான் ஏறினோம். சாயங்காலம் ஐந்துக்குள் ஒரு துண்டு கெடாமல் எல்லாம் கீழே. அப்பா இருப்பதிலேயே மென்மையான உள்கறி இரண்டையும் பையோடு அவரிடம் நீட்டினார். டெல்மர் அதை வாங்கி டிரக்கின் பின்பலகையில் திரும்ப வைத்தார். "நான் சொல்லலைன்னு மொதல்ல நம்பு ஆரின். கறியை அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார். உன் அப்பா நம்புகிறேன் என்று சொல்லவில்லை. பொய் சொல்ல வராது அவருக்கு. ஆனால் வீடு வந்ததும் அந்தக் கறியைக் காகிதத்தில் சுற்றி, மேலே டெல்மர் என்று எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தார்.

அன்றிரவே நான் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. வகுப்பில் ஒருமுறை மீன் தொட்டி உடைந்தது. யார் உடைத்தது என்று எனக்குத் தெரியும், சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன், நான் திரும்புவதற்குள் அந்தப் பிள்ளை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் பெயரைச் சொல்லியிருந்தால் அதற்குத் தண்டனை கிடைத்திருக்கும், தானாக வந்ததால் துடைப்பம் கிடைத்தது, எல்லோரும் சேர்ந்து துடைத்தார்கள். நான் சொன்னால் உன் அப்பாவுக்கு உன்மேல் ஒரு வருத்தம், டெல்மருக்கு இரவல் நியாயம். இருவரிடமும் நீயே சொன்னால் வேறு. அப்பா கத்துவார், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரால் முடியாது, நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பூனை இப்போதெல்லாம் பின்வாசல் வழியே ஓடுவதில்லை. வேளைக்குச் சாப்பிடு, பேருந்தில் தூங்கிப்போய் நிறுத்தம் தாண்டாதே. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காத்து, நல்ல மனிதர்கள் நடுவில் வைத்திருக்கட்டும். உன் அந்தத் தாராள மனசு குறையவே வேண்டாம், இடம் பார்த்துக் காட்டினால் போதும். டெல்மர் மாமாவின் எண் பழையதுதான், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நம் ஊர் நேரம், வீட்டில்தான் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, "வழியை வரைஞ்சு கொடுத்தது நான்தான் மாமா" என்று சொல்.

உன் அன்பு அம்மா,
நடீன் டோலஃப்சன்